படகில் ஓர் இடம்

“அந்த ஊசியைக் கீழ வை தெல்மா.”

“ஏன் வைக்கணும்? என் பிள்ளை நட்சத்திரம், என் ஊசி...”

“உன் பிள்ளை நட்சத்திரத்துல நீ என்ன வேணா தைச்சுக்கோ. பக்கத்துல இருக்கிறது என்னோடது. அதுல கை படக் கூடாது.”

“நான் எங்க கை வச்சேன்? ரெண்டும் ஒட்டி ஒட்டி இருந்தா நூல் இழுக்கத்தான் செய்யும். ஒரே கப்பல்ல போனாங்க, ஒரே...”

“ஒரே கப்பல்ல போனா எல்லாம் ஒரே மாதிரி ஆயிடுமா? உனக்குத் தந்தி வந்துச்சா?”

“வரலை.”

“வரலைல்ல? அப்புறம் எதுக்குடி தங்க நட்சத்திரம் தைக்கிறே?”

“தந்தி வந்த நீ தைக்க மாட்டேங்கிறே. தந்தி வராத நான் தைக்கிறேன். நம்ம ரெண்டு பேர்ல யாருக்குப் பைத்தியம்னு மிஸஸ் பிரெஸ்காட்டே சொல்லட்டும்.”

மிஸஸ் பிரெஸ்காட் எதையும் சொல்ல விரும்பவில்லை. கையில் கத்தரிக்கோலோடு, இருவருடைய ஊசியும் எட்டாத தூரத்தில் நின்றிருந்தாள். வங்கி மேலாளரின் மனைவி. நார்ஹேவன் என்ற ஏரிக்கரை ஊரின் சர்ச்சில் போர் வீரர்களின் தாய்மார் குழுவுக்குத் தலைவி. அவளுக்குப் பிறந்தது இரண்டும் பெண்கள். ஒருத்தியும் வீட்டை விட்டு, பக்கத்து நகரமான டுலூத்தைத் தாண்டிப் போனதில்லை. அதனால் தாய்மார்களுக்குத் தலைமை தாங்க அவளுக்கு நேரமும் நிம்மதியும் நிறைய இருந்தது.

சர்ச்சின் அடித்தளத்தில், காப்பி வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்த அந்த நீள மேசை மேல் நட்சத்திரத் துணி விரிந்து கிடந்தது. சிவப்பு ஓரம் வைத்த வெள்ளைத் துணி. சபையிலிருந்து உலக யுத்தத்துக்குப் போன ஒவ்வொரு பையனுக்கும் அதில் ஒரு நீல நட்சத்திரம். பையன் செத்துப்போனால் நீலத்தின் மேல் தங்க நட்சத்திரத்தை வைத்துத் தைக்க வேண்டும். தங்கம் நீலத்தைவிட ஒரு நூல் சின்னதாக இருக்க வேண்டும். சுற்றிலும் நீலம் கரை கட்டியது மாதிரி தெரிய வேண்டும். இதெல்லாம் விதி. விதி அச்சடித்த காகிதம் மிஸஸ் பிரெஸ்காட்டின் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். அதற்குள் காணாமல்போன மவுண்ட் ஹாலக் கப்பலில் இருந்த பையன்கள் இருவருக்கும் தங்கம் ஏறிவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. துக்கத்தில் ஆசை என்று சொல்லக் கூடாது. ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊசியைக் கீழே வைக்கச் சொன்ன போர்கில்ட் ஆசென் அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைப்பதாக இல்லை. அவளுக்கு வந்த தந்தியில் உங்கள் மகன் ஆர்விட்டைக் காணவில்லை என்று இருந்தது. காணவில்லை என்றால் காணவில்லைதானே என்றாள் அவள். கடற்படை இவ்வளவு பெரிய கடற்படை, அதற்கு ‘இறந்தான்’ என்ற வார்த்தை தெரியாதா? தெரிந்தும் எழுதவில்லை என்றால் அவர்களுக்கே நிச்சயம் இல்லை என்று அர்த்தம். மூக்குக் கண்ணாடியைக் காணோம், பூனையைக் காணோம் என்றால் புரிகிறது. நார்ஹேவன் கடைத்தெரு நீளத்துக்கு ஒரு கப்பலையே காணோம் என்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் தேடிப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் போனாள்.

தெல்மா மோயனுக்குத் தந்தியே வரவில்லை. மகன் லாயிட்டுக்கு அவள் எழுதிய கடிதங்கள் மட்டும் கட்டாகத் திரும்பி வந்தன. எழுதினாலும் எழுதாவிட்டாலும் பதில் போடுகிற பழக்கம் லாயிட்டுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கிடையாது. ஆனால் கடிதம் திரும்பி வருவது வேறு. ஆர்விட்டைக் காணோம் என்றால் அதே கப்பலில் இருந்த லாயிட் மட்டும் எங்கே போயிருப்பான்? அழுது அழுது தெல்மா ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுக்குத் தந்தி வராததற்குக் காரணம், பையன் உயிரோடு இருப்பதாகவும் இருக்கலாம் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடற்படை ஒரு தந்தியை மறந்திருக்கும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கடற்படையை நன்றாகத் தெரிந்தவர்கள்.

அந்தக் கப்பலின் பெயரைக் கேட்ட அன்றைக்கே போர்கில்டுக்குப் பிடிக்கவில்லை. பயிற்சி முடிந்து புறப்படுவதற்கு முன்னால் இரண்டு பையன்களும் ஒன்றாக வந்திருந்தார்கள். கப்பல் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று ஆர்விட் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லாயிட் சொல்லிவிட்டான். மவுண்ட் ஹாலக். அது என்ன மலையா என்று கேட்டாள். எரிமலை என்றான் லாயிட், பெருமையாக. வெடிமருந்து ஏற்றிப் போகிற கப்பல்களுக்கு எரிமலைகளின் பெயரைத் தேடித் தேடி வைப்பது கடற்படையின் வழக்கமாம். குண்டும் கண்ணிவெடியும் கழுத்து வரை அடைத்து, அதன் மேல் சில நூறு பிள்ளைகளைப் படுக்க வைத்து, அதற்கு எரிமலை என்று பெயரும் வைத்துவிட்டு, அப்புறம் அது வெடித்துப்போனால் காரணம் தெரியவில்லை என்று கமிட்டி போடுகிறவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை லாயிட்டுக்குத் தங்கம் ஏறியது. பெரிய மனிதர் தெல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, லாயிட் மாதிரி ஒழுக்கமான இளைஞர்கள்தான் இந்த நாட்டின் முதுகெலும்பு என்றார். சபையில் லாயிட்டைத் தெரிந்தவர்கள் எல்லோரும் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள். சர்ச் காணிக்கைப் பெட்டியில் கை விட்டவன், பக்கத்து வீட்டு டிரக்கைக் கேட்காமல் எடுத்துப்போய் ஏரிப் பனியில் இறக்கியவன். செத்ததும் முதுகெலும்பாகிவிட்டான். ஆர்விட்டின் நட்சத்திரம் பக்கத்தில் நீலமாகவே இருந்தது. ஒருவேளை அவன் அவ்வளவு ஒழுக்கமானவன் இல்லை போலும்.

*

மார்ச் முதல் வாரத்தில் நாட்டின் முதுகெலும்பு டுலூத் பஸ்ஸிலிருந்து தோளில் பையோடு இறங்கியது.

பஸ் நிறுத்தத்தில் பார்த்தவள் மிஸஸ் பிரெஸ்காட்தான். பார்த்த மாத்திரத்தில் அவள் சொன்ன முதல் வார்த்தை, “ஆனா தைச்சாச்சே.” அப்படிச் சொல்லவே இல்லை என்று அவள் பின்னால் எவ்வளவோ மறுத்தாள். லாயிட் கேட்டான், பஸ் டிரைவர் கேட்டான், மறுநாள் ஊரே கேட்டுவிட்டது.

கதை அன்றைக்கே தெருவெல்லாம் பரவியது. லாயிட் கப்பலின் மேல்தளத்தில், புகைக்கவே கூடாத இடத்தில், பாரம் தூக்கும் வின்ச்சுக்குப் பின்னால் ஒளிந்து சிகரெட் பிடித்திருக்கிறான். மாட்டிக்கொண்டான். வெடிமருந்துக் கப்பலில் அது சின்னக் குற்றமா? கப்பல் நின்ற தீவின் கரையில் இருந்த அலுவலகத்தில் விசாரணை என்று காலையில் படகில் ஏற்றி அனுப்பினார்கள். படகுத்துறையில் இறங்கி நடந்துகொண்டிருக்கும்போது பின்னால் சத்தம். திரும்பிப் பார்த்தால் கப்பல் இல்லை. மூழ்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. மூழ்குவதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே. அவனைப் பிடித்துக் கொடுத்த அதிகாரி அடுத்த படகில் வருவதாக இருந்தவர், வரவில்லை. விசாரணைக்கு உத்தரவு போட்ட கேப்டனும் இல்லை. சிகரெட் பிடித்த இடமும் இல்லை. குற்றம் சாட்டியவன், சாட்சி, குற்றம் நடந்த இடம் எல்லாம் ஒரே நொடியில் புகையாகப் போன பிறகு, குற்றவாளி மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றான். வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். கமிட்டி விசாரித்து முடிக்கும் வரை தீவிலேயே வைத்திருந்து, வாயைத் திறக்காதே என்று சொல்லி, லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கமிட்டி என்ன கண்டுபிடித்தது என்று கேட்டதற்கு, சரக்கை முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கலாம் என்று கண்டுபிடித்ததாம் என்றான். கையாண்டவர்களில் ஒருவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

குழுவுக்கோ வேறு கவலை. நீலத்தைத் தங்கமாக்குவதற்கு விதி இருந்தது; தங்கத்தை மறுபடி நீலமாக்குவதற்கு விதி இல்லை. அச்சடித்த காகிதத்தை மிஸஸ் பிரெஸ்காட் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். செத்தவன் திரும்பி வருவான் என்று அச்சடித்தவர்கள் யோசிக்கவில்லை. மேலே கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதுவரை லாயிட் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் தங்க நட்சத்திரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து கொட்டாவி விட்டான்.

போர்கில்டுக்கு அந்த வேடிக்கையெல்லாம் கண்ணில் படவில்லை. லாயிட் உயிரோடு இருக்கிறான். அது ஒன்றுதான் காதில் விழுந்தது. வலைக் கொட்டகையில் கிழிந்த வலையை முடிந்துகொண்டே, லாயிட்டுக்குத் தப்பிக்க முடிந்தால் என் பையனுக்கு முடியாதா என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டாள். அவர்கள் முடிச்சைப் பார்த்தார்கள். வீட்டில் ஆர்விட்டின் படுக்கைக்கு உறை மாற்றினாள். மறுநாளும் மாற்றினாள். காணவில்லை என்பதைக் கிண்டல் செய்தவளே இப்போது அந்த வார்த்தைக்குள் குடியேறிவிட்டாள். தினமும் பெருக்கித் துடைத்தாள்.

ஆனால் லாயிட் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஊர் முழுக்க வளைய வந்தான், மதுக்கடையில் கதை சொன்னான், அவள் வீடு இருந்த தெருவை மட்டும் சுற்றிக்கொண்டு போனான். தெல்மாவும் கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கடைசியில் போர்கில்டே தெல்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அவனை அனுப்பு.”

“அவன் தூங்குறான்.”

“எழுப்பி அனுப்பு. திட்ட மாட்டேன். ரொட்டி சுட்டு வச்சிருக்கேன்.”

தெல்மா கதவை முழுசாகத் திறக்கவில்லை. “போர்கில்ட், அவன் சொல்றதையெல்லாம் நீ நம்பாதே. உனக்குத் தெரியும்ல அவனை,” என்றாள். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய் அப்படிச் சொல்வதைக் கேட்டதும், ஏதோ இருக்கிறது என்று போர்கில்டுக்குப் புரிந்தது.

*

மத்தியானம் லாயிட் வந்தான். தொப்பியை முட்டி மேல் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தான். ஏலக்காய் ரொட்டி, ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்து மேலே தூவியது. காப்பி சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். “குடுங்க,” என்றான். ரொட்டி? “ரெண்டு துண்டு.”

நார்ஹேவனில் வளர்ந்தவன் செய்கிற காரியமா அது? இந்த ஊரில் யாராவது ஏதாவது கொடுத்தால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாக வற்புறுத்தினால்தான், சரி, அரைக் கோப்பை போதும் என்று கை நீட்ட வேண்டும். கொடுக்கிறவளுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். அரைக் கோப்பை என்றால் முழுக் கோப்பை. பிணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிற வீட்டில்கூட இந்த மூன்று சுற்றும் முடிந்துதான் காப்பி இறங்கும். முதல் தடவையே கை நீட்டுகிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லையென்றால் மோயன் வீட்டு லாயிட்.

அவன் இரண்டு துண்டையும் தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ வந்துட்டே. அவன் எங்க?”

லாயிட் உதட்டைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான். ஆர்விட் அன்றைக்குக் காலையில் கப்பலிலேயே இல்லையாம். தபால் எடுத்து வருகிறவர்களோடு தீவின் மறுபக்கத்துக்குப் போயிருந்தானாம். அங்கே வெடிச்சத்தத்தில் நிறையப் பேருக்கு நினைவு தப்பிவிட்டது, காது போய்விட்டது, பெயர் சொல்ல முடியாமல் மருத்துவக் கப்பலில் படுத்திருக்கிறார்கள், அந்தக் கப்பல்கள் எங்கெங்கோ போயிருக்கின்றன, ஒவ்வொருவராகத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றான். தடங்கலே இல்லாமல் வந்தது. வெள்ளைத் திரை, நீலக் கம்பளி, தலைமாட்டில் தண்ணீர்க் குவளை வரைக்கும் சொன்னான்.

போர்கில்ட் அந்தக் கப்பலில் கொஞ்ச நேரம் இருந்தாள். மகனுக்கு ஜன்னல் ஓரமாக ஒரு படுக்கை தேர்ந்தெடுத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். அப்புறம் எழுந்து காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் திரும்ப வைத்தாள்.

“லாயிட், உனக்குப் பால் பல் விழுந்த நாள்லேர்ந்து உன் பொய்யெல்லாம் எனக்குத் தெரியும். நல்லா சொல்றே. கோர்வையா வருது. உண்மை சொல்லும்போதுதான் உனக்குத் தடுமாறும். தடுமாறிச் சொல்லு.”

லாயிட் தொப்பியைத் திருப்பினான். மறுபடி திருப்பினான்.

தடுமாறியது. முதலில் தன்னைக் கரைக்குக் கூட்டிப்போன லெப்டினன்டைப் பற்றிச் சொன்னான், நல்ல மனிதர், டெக்சாஸ்காரர். பிறகு ஐஸ்கிரீமைப் பற்றிச் சொன்னான். கரையில் ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியிருந்ததாம்; அந்த வெயிலில் ஆர்விட்டுக்கு ஒரு வாரமாக அதே பேச்சு. ஆனால் கரைக்குப் போக முறை வரவே இல்லை. இரவும் பகலும் சரக்கு இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்குக் காலையில் லாயிட்டை விசாரணைக்குக் கூட்டிப்போகப் படகு வந்தது. படகில் லெப்டினன்ட், ஒரு தபால்காரன், பல் வலியில் கன்னம் வீங்கிய ஒருவன், லாயிட். ஏணியின் மேல்படியில் ஆர்விட் நின்றிருந்தான், லாயிட்டை வழியனுப்ப. லாயிட் சிகரெட் பிடித்ததை அவனும் பார்த்தவன்தான் என்று லெப்டினன்டுக்குத் தெரியும். இருந்தாலும் சாட்சிக்கு அவன் கட்டாயம் தேவையில்லை; பிடித்துக் கொடுத்த அதிகாரியே போதும். போகிற போக்கில்தான் கேட்டார்.

“என்ன கேட்டார்?”

“‘ஆசென், படகுல ஒரு இடம் இருக்கு, நீயும் வர்றியா?’ன்னார்.”

“இவன் என்ன சொன்னான்?”

லாயிட் அடுப்பைப் பார்த்தான். “‘வேண்டாம் சார், பரவாயில்லை’ன்னான்.”

மிச்சத்தை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இருந்தும் அவள் கேட்டாள்.

“அப்புறம்?”

“அவர் ‘சரி’ன்னுட்டு உக்காந்துட்டார்.”

“ரெண்டாவது தடவை கேக்கலையா?”

“அவர் டெக்சாஸ்காரர், மிஸஸ் ஆசென்.”

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

ஆர்விட்டின் ஒரு கால் ஏணியின் அடுத்த படியில் இறங்கிவிட்டதாம். அதை லாயிட் பார்த்தானாம். அடுத்த தடவை கேட்பார் என்று காத்துக்கொண்டு, முகத்தில் அந்தச் சிரிப்போடு, எதுக்குச் சிரமம் என்பதை வாயில் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். படகின் கயிற்றை அவிழ்த்தார்கள். அப்போதும் அவன் காலை எடுக்கவில்லை. நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

“உனக்குத்தான் தெரியுமே. நீ சொல்லியிருக்கலாமே அந்த ஆள்கிட்ட. எங்க ஊர்ல அப்படித்தான், இன்னொரு தடவை கேளுங்கன்னு.”

“சொல்லியிருக்கலாம்.”

“ஏன் சொல்லலை?”

“சிரிச்சேன்,” என்றான் லாயிட். “முதல்ல சிரிப்புதான் வந்துச்சு, மாட்டிக்கிட்டான் பாருன்னு. அப்புறம்... அவன் வந்தா கேட்டதுக்கெல்லாம் உள்ளதைச் சொல்லிடுவான். அவனுக்குப் பொய் வராது. வராம இருந்தா எனக்கு நல்லதுதானேன்னு தோணுச்சு. அவ்வளவுதான். கரைக்குப் போற வரைக்கும் அவ்வளவுதான் தோணுச்சு.”

முட்டி மேல் இருந்த தொப்பி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் நிமிர ரொம்ப நேரம் ஆனது.

போர்கில்ட் திட்டவில்லை. திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அதோடு, திட்டுவதற்கு அந்த அறையில் இன்னொருத்தியும் இருந்தாள். ஆர்விட்டுக்கு அப்போது நாலு வயது இருக்கும். பாதிரியார் வீட்டில் பிஸ்கட் தட்டை நீட்டினார்கள். பிள்ளை முதல் தடவையே கையை நீட்டிவிட்டது. மேசைக்கு அடியில் அவள் அவன் தொடையில் கிள்ளினாள். பிள்ளை கத்தவில்லை. கையை இழுத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, வேண்டாம் என்றது. எல்லோரும் எவ்வளவு நல்ல பிள்ளை என்றார்கள். எவ்வளவு நல்லபடியாக வளர்த்திருக்கிறீர்கள் என்றார்கள். அன்றைக்கு அவள் வீடு வரை மிதந்துகொண்டு வந்தாள். அதற்கப்புறம் அவனைக் கிள்ள வேண்டியே வரவில்லை.

ஜப்பான்காரனுடைய குண்டு பட்டிருந்தால் ஜப்பான்காரனைத் திட்டலாம். கடற்படையின் கமிட்டி சொன்னபடி முரட்டுக் கை என்றால் அந்தக் கையைத் திட்டலாம்.

“இன்னொரு துண்டு எடுத்துக்கோ,” என்றாள் கடைசியில்.

லாயிட் எடுத்துக்கொண்டான். கையில் வைத்துக்கொண்டே இருந்தான். தின்னவில்லை.

*

அந்த வியாழக்கிழமை மேலேயிருந்து அனுமதி வந்துவிட்டது. அடித்தளத்து மேசை மேல் துணியை விரித்து, லாயிட்டின் தங்க நட்சத்திரத்தைத் தெல்மாவே பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிக்கப் பிரிக்க அடியிலிருந்த நீலத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. போர்கில்ட் உள்ளே வந்ததும் தெல்மாவின் கை நின்றது.  மகன் வீட்டில் சொல்லியிருக்கிறான் என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

போர்கில்ட் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஆர்விட்டுக்குத் தைத்துவிடலாம் என்றாள்.

மிஸஸ் பிரெஸ்காட்டுக்கு உயிர் வந்தது. ஆனால் உடனே அடுத்த கவலையும் வந்தது. யுத்த காலத்தில் தங்க நிறச் சாட்டின் துணி எங்கே கிடைக்கிறது? டுலூத்தில் தேடியாகிவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இதோ, இது இப்போதுதானே பிரித்தது, கசங்கல்கூட இல்லை, அளவும் ஒன்றுதான், யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால், என்று இழுத்தாள்.

தெல்மா நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில் கத்தரிக்கோல் பின்வாங்கியது. “வெட்கமா இல்லையா உங்களுக்கு,” என்றாள் தெல்மா. “அது என் பிள்ளைக்குத் தைச்சது. அதை இவ பிள்ளைக்கு...”

“குடு தெல்மா,” என்றாள் போர்கில்ட்.

“வேண்டாம் போர்கில்ட். என் கல்யாணத் துணி இருக்கு. அதைச் சாயம் போட்டுத் தர்றேன்.”

“அதை வெட்டி வீணாக்காதே. குடு. லாயிட் கெட்டுப்போகாம திரும்பக் குடுத்த சாமான் இது ஒண்ணுதான்.”

தெல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நட்சத்திரத்தை மேசை மேல் தள்ளினாள். அப்புறம் ஊசியில் நூல் கோத்தாள். போர்கில்டுக்கு இப்போதெல்லாம் ஊசிக் காது தெரிவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கோத்த ஊசியை நீட்டினாள். போர்கில்ட் வாங்கிக்கொண்டு, நீலத்தின் நடுவில் தங்கத்தை வைத்து, சுற்றிலும் கரை ஒரே அளவில் தெரிகிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்து, முதல் தையலைப் போட்டாள். இந்த வேலையை வேறு யாரிடமும் விடுவதாக இல்லை. தெல்மா மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், துணி நகராமல்.

மிஸஸ் பிரெஸ்காட்டுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதற்காக எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். போர்கில்ட் கேட்டுவிட்டால் நல்லது, பெயரில், பிறந்த ஊரில் தவறு எதுவும் இருக்கக் கூடாது பாருங்கள் என்றாள். லாயிட்டைப் பற்றிப் பெரிய மனிதர் சொன்னதையே கொஞ்சம் மாற்றியிருந்தாள். ஒழுக்கம் அப்படியே இருந்தது. முதுகெலும்பு இரண்டாவது வரிக்கு வந்திருந்தது. குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு கடைசி வரிக்கு வந்தாள்: நமது அன்புக்குரிய ஆர்விட் ஆசென் தன் உயிரைத் தாயகத்துக்கு மனமுவந்து கொடுத்தான்.

நூல் இழுபடுகிற சத்தம் நின்றது. போர்கில்ட் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அந்த வரியை அடிச்சிடுங்க மிஸஸ் பிரெஸ்காட். கொடுக்கிறதுன்னா முதல்ல யாராவது கேட்டிருக்கணும். உயிரை அவன்கிட்ட யாரும் கேக்கலை. படகுல வர்றியான்னுதான் கேட்டாங்க, அதையும் ஒரே ஒரு தடவை.”